மாஸ்டரின் நாக்கு

"மூணு கிளாஸையும் நீங்களே உள்ள போய்க் கலந்துட்டு வாங்க மேடம். ஒண்ணு ஒழுங்கா இருக்கட்டும். மத்த ரெண்டையும் உங்க இஷ்டத்துக்குக் கெடுத்து வைங்க. எதுல என்ன தப்புன்னு நான் சொல்றேன்."

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு மாஸ்டர் சொன்னதைக் கேட்டு மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காய்ச்சல் வந்து படுத்து ஆறு மாதத்தில் மனுஷன் பாதியாகியிருந்தார். பேச்சு மட்டும் முழுசாக இருந்தது.

ஹோட்டல் பாரில் அவருடைய இடம் இன்னும் காலியாகத்தான் கிடந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் அந்த வேலைக்குத் தயாராக இருந்தார். யாரென்று இன்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. பதினாறு வருஷம் உழைத்தவரை ஒரு வார்த்தை கேட்காமல் விட மனசு வராமல்தான் மேனேஜர் வீடு தேடி வந்திருந்தாள்.

வந்ததும் வராததுமாக அவரே ஒரு அமெரிக்கானோ கலந்து கொடுத்தார். பேரைக் கேட்டுக் காபி என்று ஏமாறுகிறவர்கள் உண்டு. இது இத்தாலிக்காரர்கள் பசியைக் கிளப்பச் சாப்பாட்டுக்கு முன்னால் குடிப்பது. கிளாஸ் நிறைய ஐஸ். கசக்கும் சிவப்பு மது ஒரு பங்கு, வெர்மூத் என்ற இனிப்பு ஒயின் ஒரு பங்கு, மேலே சோடா, ஓரத்தில் ஒரு ஆரஞ்சு வில்லை.

"இவ்வளவுதான் சாமான். அதனாலதான் மேடம், தப்பு பண்ணினா ஒளிச்சு வைக்க இடம் இல்லை" என்றார் மாஸ்டர்.

"கை மறக்கலை மாஸ்டர். ஆனா உங்க வேலையில கை முக்கியமில்லையே. மத்தவங்க கலக்கிறதை ருசி பார்த்து, இது போகலாம், இது போகக் கூடாதுன்னு சொல்லணும். அதுக்குத்தான் ஆள் வேணும்."

அதற்குத்தான் அவர் இந்தப் பந்தயத்தைக் கட்டினார்.

மேனேஜர் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முதல் கிளாஸில் இரண்டும் சரிபாதி. இரண்டாவதில் வெர்மூத் ஒரு மூடி கூடுதல். மூன்றாவதுக்கு, கைப்பையில் கொண்டுவந்திருந்த பாட்டிலை எடுத்தாள். திறந்த வெர்மூத்தை ஃபிரிட்ஜில் வைக்காவிட்டால் வீணாகிவிடும். இது மூன்று மாதமாக ஹோட்டல் அலமாரியில் கவனிப்பாரற்று நின்ற சரக்கு. தட்டில் வரிசையாக வைத்துப் பார்த்தாள். மூன்றும் ஒரே சிவப்பு. கலந்த அவளுக்கே இடம் மாறினால் குழம்பிவிடும்.

ஹாலுக்குத் தட்டு வந்ததும் மாஸ்டர் முதல் கிளாஸை எடுத்துப் பக்கத்தில் நின்ற மனைவியிடம் நீட்டினார்.

"முதல்ல நீ."

மேனேஜர் புருவம் உயர்ந்தது.

"படுத்திருந்தப்ப மருந்தைக்கூட இவ ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பார்த்துட்டுத்தான் கொடுப்பா. அதே பழக்கம் ஒட்டிக்கிச்சு மேடம்."

அந்த அம்மாள் ஒரு வாய் குடித்தாள். மாஸ்டர் கண்ணெடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வயதில் பெண்டாட்டியை இப்படிப் பார்க்கிற மனுஷனா என்று மேனேஜருக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பிறகு அவரும் ஒரு வாய் உறிஞ்சினார். "சரிபாதி. இதுல குறை சொல்ல ஒண்ணுமில்லை."

இரண்டாவது கிளாஸ். அம்மாள் குடித்துவிட்டு உதட்டை மடித்துக்கொண்டாள். மாஸ்டர் குடித்தார். "வெர்மூத் தூக்கல். அதிகமில்லை. ஒரு மூடி இருக்குமா?"

மேனேஜர் மூன்றாவதை நகர்த்தினாள்.

அம்மாள் அதை மூக்குவரை கொண்டுபோய், சற்றுத் தள்ளிப் பிடித்து, உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டாள். பாவம், பழக்கமில்லை, மூன்றாவது வாய்க்கே தாங்கவில்லை போல என்று மேனேஜர் நினைத்துக்கொண்டாள்.

மாஸ்டர் நிதானமாகக் குடித்து, கிளாஸைத் தட்டில் வைத்தார்.

"அளவெல்லாம் சரி. சரக்குதான் செத்துப்போச்சு. திறந்து வெளியிலேயே வச்ச பாட்டில். இது என் வீட்டுச் சரக்கு இல்லை. நீங்க கையோட கொண்டு வந்தது."

மேனேஜர் கைதட்டியே விட்டாள்.

"நேத்து இதே பாட்டில்ல இருந்து அந்த வெளியூர்க்காரருக்குக் கலந்து கொடுத்தேன். சப்புக்கொட்டிக் குடிச்சுட்டு, ஆஹா, அருமைன்னார்!"

"அவரு நல்ல மனுஷன் மேடம். யார் மனசும் நோகப் பேச மாட்டார்."

மூவரும் சிரித்தார்கள். மேனேஜர் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். முதலாளி கையெழுத்துப் போட்டிருந்தார். பேர் எழுதும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

"திங்கட்கிழமை காலையில பத்து மணிக்கு வந்துடணும்" என்று பேனாவைத் திறந்தாள். "பேரை எப்படி எழுதட்டும்? இனிஷியல் முன்னாடியா, பின்னாடியா?"

"என்னங்க..." என்று ஏதோ சொல்ல வந்த மனைவியைக் கையமர்த்திவிட்டு, மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இனிஷியல் என்னுது போதும் மேடம், பேரு இவளோடதை எழுதுங்க. காய்ச்சல் போகும்போது என் நாக்கையும் கூட்டிட்டுப் போயிடுச்சு, ஆறு மாசமா எனக்குச் சர்க்கரையும் உப்பும் ஒண்ணுதான். மூணு கிளாஸுக்கும் ருசி சொன்னது இவ முகம். நான் அதை வாய்விட்டுப் படிச்சேன், அவ்வளவுதான்."