பல் பொருந்தாத தாள்

“ஆறு வயசுப் பிள்ளையைத் தனியா அனுப்பறது நியாயமாம்மா?” ஒட்டிலியா அழுதாள்.

எப்சிபா அம்மாள் தையலிலிருந்து தலை தூக்கவில்லை. “கப்பல் கூலிக்கு நீ எழுதிக் கொடுத்த வருஷம் இன்னியோட முடிஞ்சுது. நீ போகலாம். லீஸ்பெத் இருபத்தொரு வயசு வரைக்கும் எங்களுக்குத்தான். அதுவும் நீ எழுதிக் கொடுத்ததுதானே?”

வாசலில் எப்சிபாவின் மகன் ஜோசையா சிரித்தான். “இரும்பு உலைக்காரர் வீட்டுக்கு மாத்திக் கொடுக்கறேன். மூணு வேளைச் சோறு. எதுக்கு ஒப்பாரி?”

கணவனைக் கடலில் பறிகொடுத்து, கைக்குழந்தையோடு பிலடெல்பியாவில் இறங்கிய அன்று போட்ட ஒப்பந்தம். ஒரே தாளில் இரண்டு தடவை எழுதி, நடுவில் பல் பல்லாக வெட்டி, ஆளுக்குப் பாதி. பற்கள் பொருந்தினால்தான் ஒப்பந்தம் செல்லும். வெட்டியது எப்சிபாதான். ஊரிலேயே அவர் கத்திரி நூல் பிசகாது.

அன்றிலிருந்து அந்தப் பற்கள் ஒட்டிலியாவின் கனவில் அலைகளாக வரும். பிள்ளையை இழுத்துக்கொண்டு போகும்.

“நீங்க ஒரு வார்த்தை சொன்னா...”

“தையல் கடை அவன் பேர்ல. என் பேச்சு எடுபடாது. டேய், நீதிபதி முன்னால ரெண்டு பாதியையும் பொருத்திப் பார்த்துட்டே கொடு. பின்னால வம்பு வேண்டாம்.”

பாவி, இவளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா?

ஆற்று மூடுபனி தெருவை விழுங்கியிருந்தது. மாதாகோவில் மணி தண்ணீருக்கடியில் அடிப்பதுபோல் கேட்டது. எப்சிபாவுக்கும் ஜோசையாவுக்கும் பின்னால், தூக்கத்தில் நடப்பவளாக நடந்தாள் ஒட்டிலியா. லீஸ்பெத்தின் விரல்கள் மட்டும் கைக்குள் சூடாக இருந்தன.

நீதிபதி இரண்டு பாதிகளையும் மேசையில் சேர்த்தார். நகர்த்தினார். மறுபடி சேர்த்தார்.

“பல் பொருந்தலையே! இது செல்லாது. பிள்ளை தாயோட போகட்டும்.”

ஜோசையா பாய்ந்தான். “அம்மா! நம்ம பாதி உங்க பெட்டியிலதானே இருந்தது?”

“எலி கடிச்சிருக்கும்டா. பூனை வாங்குன்னு எத்தனை நாளா சொல்றேன்!”

பிள்ளையை அணைக்கக் கண்ணீரோடு குனிந்த ஒட்டிலியா அப்போதுதான் பார்த்தாள். எப்சிபாவின் கறுப்புப் பாவாடையில், நூல் பிசிறுகளுக்கு நடுவே, பல் பல்லாய் ஒரு மெல்லிய காகிதச் சுருள்.

“பாவாடையில தூசிம்மா” என்று எடுத்து, யாரும் பார்ப்பதற்குள் உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.