கால் மந்தம்

"இவனுக்குக் கால் மந்தம்." பல்கலைக்கழக அணிக் கோச்சின் அந்த ஒற்றைப் பேச்சால், பன்னிரண்டு வருசத்துக்கு முதல் கஜரூபனை எந்தத் தொழில்முறை ஃபுட்போல் அணியும் எடுக்கவில்லை. இப்போது ஒரு அணிக்காகப் பல்கலைக்கழக வீரர்களை மதிப்பிட்டு எழுதுவது கஜரூபனின் வேலை.

லொங்குய்ய் நகர மைதானத்தில் அதே கோச் ஒரு கோப்பை கோப்பியோடு ஓடிவந்தார். தன் நட்சத்திர வீரனைக் காட்டி, காதுக்குள் கெஞ்சினார்.

கஜரூபன் தலையாட்டிச் சிரித்தான்.

அறிக்கையைப் படித்த சக ஊழியை வினோஜா திகைத்தாள்.

"என்ன அண்ணை, எல்லாத்துக்கும் முழுப் புள்ளி! கோச்சைப் பழிவாங்கப் போறன் எண்டியள்?"

"வாங்கிட்டன். குறைச்சு எழுதச் சொல்லித்தான் மனிசன் கெஞ்சினவர். பெடியன் இன்னும் ஒரு வருசம் தன்ர அணியிலயே விளையாடோணுமாம்."

"அட பாவி!"

"என்ர கால் ஏன் மந்தமாச்சுது எண்டு இண்டைக்குத்தான் விளங்கினது."