இருபத்தைந்தாவது வரி

கல்லூரியில் பெர்சிஸ் பத்தாயிரம் மீட்டர் ஓடுகிறவள். மைதானத்தை இருபத்தைந்து முறை சுற்ற வேண்டும். அவளுக்குப் படிக்க வேறு நேரம் கிடையாது. அதனால் நான் தாவரவியல் நோட்டுடன் வளைவில் நின்று, சுற்றுக்கு ஒரு வரி வாசிப்பேன். அதை முணுமுணுத்துக்கொண்டே ஓடி, திரும்பி வரும்போது ஒப்பித்துவிட்டு, "ஏட்டி, அடுத்தது!" என்பாள். கடைசிச் சுற்றில் மட்டும் அவள் எடுக்கும் வேகத்தில் நான் கத்துவது காதில் விழாது. தேர்வுகளில் அவளுடைய விடைகள் எல்லாம் முடிவுக்கு ஒரு வரி முன்னாலேயே நின்றன. எப்படியோ தேறினாள். அந்தப் பாடத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவள் நான்.

முப்பது வருடம் கழித்து, பழைய மாணவியர் கூட்டத்துக்கு ஊன்றுகோலோடு வந்திருந்தாள். "வாட்டி, ஒரு சுத்து போவோம்" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒளிச்சேர்க்கையை முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டே நடந்தாள். எனக்கு அதில் ஒரு வரிகூட நினைவில்லை; மண்ணில் அவள் ஷூ அறைந்த சத்தம்தான் இன்னும் காதில் இருந்தது. வளைவு வந்ததும் நின்றாள்.

"ஏட்டி, அந்தக் கடைசி வரி என்னது? இப்பம் மெதுவாத்தான வாரேன், சொல்லு."