பிடித்து வந்த துப்பாக்கி

இரண்டு போர்களுக்கு நடுவே ஒரு நாட்டின் ஆயுதக் கிடங்கில், சொந்த ஊர்த் துப்பாக்கி ஒன்றும் எதிரியிடமிருந்து பிடித்து வந்த துப்பாக்கி ஒன்றும் அடுத்தடுத்து நின்றன.

"நாளைக்கு அதிகாரி வராரு அக்கா. எங்க தோட்டா உனக்குள்ள நுழையாது. உன்னை உருக்கத்தான் அனுப்புவாங்க," என்றது ஊர்த் துப்பாக்கி.

"என் குழாயைக் குடைஞ்சு பெரிசாக்கிட்டாங்க. வலிச்சுது, பொறுத்துக்கிட்டேன். இப்ப நுழையும்."

"நுழைஞ்சா மட்டும் போதுமா? உடம்புல அந்த நாட்டு முத்திரை அப்படியே இருக்கே."

பிடித்து வந்த துப்பாக்கிக்கும் அந்தப் பயம் இருந்தது.

மறுநாள் அதிகாரி அதை எடுத்து ஐந்து தோட்டாக்கள் சுட்டார். ஐந்தும் குறியில் பட்டன. பழுது பார்ப்பவர் அரத்தோடு வந்து, "முத்திரையை ராவிடட்டுமா ஐயா?" என்று கேட்டார்.

"தொடாதே. அது இருந்தாத்தான் நாம ஜெயிச்சது நாலு பேருக்குத் தெரியும். வாசல் காவலுக்கு இதையே கொடு."

ஊர்த் துப்பாக்கிக்குப் பொறுக்கவில்லை. "அவர் எங்க வெற்றியைத்தான் சொன்னாரு. உன்னை இல்ல."

"இருக்கட்டும் தங்கச்சி," என்றது வாசலுக்குக் கிளம்பிய துப்பாக்கி. "அதை ஊருக்குக் காட்ட என்னைத்தானே நிறுத்துறீங்க."