கௌரி அக்காவின் ரோல்ஸ்

போன வருடம் கிண்ணம் வென்ற கல்லூரி பேஸ்போல் அணி, இந்த வருடம் எல்லா ஆட்டத்திலும் தோற்றது. பயிற்சியாளர் ஸ்ரீதரன், தன் ஆட்டக்காரன் ஆரூரனின் அம்மா கௌரியைத் தேடி கோட்-டெ-நெய்ஜில் இருந்த அவள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, நீங்கள் சனிக்கிழமையும் வேலைக்குப் போகத் தொடங்கினாப் பிறகுதான் இந்தச் சரிவு. பழையபடி ரோல்ஸ் பொரிச்சுக்கொண்டு மைதானத்துக்கு வாங்கோ."

கௌரி பூரித்துப் போனாள். "என்ர ரோல்ஸ் சாப்பிட்டே எங்கட பெடியள் வெண்டவங்கள்?"

"எங்கட பெடியளுக்கு எங்கை குடுத்தனீங்கள்? விருந்தாளியள்தான் முதல் சாப்பிடவேணும் எண்டு, ஆட்டம் தொடங்க முதல் எதிரணிக்கெல்லோ வயிறு முட்டக் குடுத்தனீங்கள்! அவங்களால ஓடவே ஏலாமல் போச்சு."

கௌரிக்குச் சிரிப்பு அடங்க நேரமெடுத்தது.

"அப்ப இந்தச் சனி லீவு எடுக்கிறன், தம்பி. ரோல்ஸ் மட்டும் காணாது, கொத்துரொட்டியும் போடுவம்."