இன்னும் கொஞ்சம் தள்ளி

"இந்தத் தெருவும் கெட்டுப்போச்சு" என்றார் பல் டாக்டர், ஜன்னல் திரையை விலக்கியபடி.

எதிர்வீட்டு வாசலில் சாமான் வண்டி. இறங்கியவர்கள் தமிழில் கத்திக்கொண்டே கட்டிலைத் தூக்கினார்கள்.

நாடு விட்டு வந்த புதிதில் நகரத்துக்குள் ஒண்டுக்குடித்தனம். அங்கே நம்ம ஆட்கள் பெருகியதும் இந்தப் புறநகருக்கு வந்தார். இப்போது இங்கேயும் அதே கதை. வாசலில் நின்று போன் பேசினால் தெருக்கோடிவரை கேட்கிறது என்று அவருக்குக் குறை.

அவர் மனைவிக்கு அந்தச் சத்தம்தான் துணை. பக்கத்துவீட்டு நர்ஸ் வேலைக்குப் போகிற வழியில், தலைவலி தேவலையா அக்கா என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டால், அன்று முழுக்க வீட்டில் ஆள் இருப்பதுபோல் இருக்கும். அதைக் கணவரிடம் அவள் சொன்னதில்லை. சொன்னாலும் காதில் ஏறாது.

ஞாயிற்றுக்கிழமை, இன்னும் தள்ளி ஒரு வீடு பார்க்கக் கிளம்பினார்கள்.

போகப்போகக் கடைகள் குறைந்தன. பிறகு ஆட்கள். பனிமூட்டத்தில் வீடுகள் தனித்தனியாக மிதந்தன. கார் ஓடுகிறதா நிற்கிறதா என்றே அவளுக்குத் தெரியவில்லை. தூக்கத்தில் எங்கோ போவதுபோல் இருந்தது.

"பாத்தியா, ஒரு சத்தம் இல்ல" என்றார் அவர்.

கதவைத் திறந்தவர் தமிழர். டாக்டரின் முகம் சுருங்கியது. காலி பண்ணிக்கொண்டு போகிறவர்தானே என்று தேற்றிக்கொண்டார்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற இன்ஜினியர். ஒவ்வோர் அறையாகக் காட்டினார். எந்த ஜன்னலைத் திறந்தாலும் வெண்பனி. அதற்குள் வீட்டம்மா, டாக்டர் மனைவியின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போயிருந்தாள். அங்கிருந்து நிற்காமல் பேச்சு, நடுநடுவே சிரிப்பு.

இப்படிப்பட்ட இடத்தை ஏன் விற்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

இன்ஜினியர் குரலைத் தாழ்த்தினார். "நம்ம ஆளுங்க தொல்லையே வேணாம்னுதான் இங்க வந்தேன் சார். வந்ததும் இவ பேச்சு கொஞ்சம் கொஞ்சமா நின்னுபோச்சு. தொண்டை, காதுன்னு காட்டாத டாக்டர் இல்ல. ஒண்ணுமில்லங்கறாங்க. ரொம்ப நாள் கழிச்சு இன்னிக்குத்தான் அவ குரலைக் கேக்கறேன்."

வரும் வழியெல்லாம் தன் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை என்பது டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது.

"எங்க போகப்போறீங்க?"

இன்ஜினியர் தெருப் பெயரைச் சொன்னார். டாக்டர் குடியிருக்கும் தெரு.

"அங்க நம்ம ஆளுங்க நிறைய வந்துட்டாங்களாம். யாராவது வீடு விக்கறாங்களான்னு பாத்துட்டிருக்கேன்."

டாக்டர் சமையலறைப் பக்கம் பார்த்தார். பேச்சு இன்னும் ஓயவில்லை.

"அது எங்க தெருதான். அங்க யாரும் விக்கலீங்க" என்றார். "அதுக்காக நீங்க காத்திருக்க வேணாம், எங்க வீட்லயே தங்கலாம். ரெண்டு பேரும் இப்பவே எங்க கார்ல ஏறுங்க."