ஏழு லட்சம் பேர் பார்த்த வீடியோ

“அதுல பேசறது நான்தான் அருணா. அத அழிக்க முடியுமானு யாரையாச்சும் கேளு.”

“ஏழு லட்சம் பேரு பாத்தாச்சி. இனிமே எங்க போயி அழிக்கறது?” என்றாள் மனைவி அருணாதேவி.

முருகவேலுக்குச் சோறு இறங்கவில்லை. ஷார்ஜாவில் கம்பி கட்டுகிற வேலை. லீவில் அடி அண்ணாமலைக்கு வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பாகிஸ்தானோடு மேட்ச் முடிந்ததும், கிரிவலப் பாதை டீக்கடையில் ஒரு டிவிக்காரப் பெண் அவனிடம் மைக்கை நீட்டினாள்.

ரெண்டு பேருமே நல்லா ஆடினாங்க என்றுதான் முதலில் சொன்னான். இப்படிச் சொன்னால் யாரும் பார்க்க மாட்டார்கள் அண்ணா, நாட்டுப்பற்றோடு கொஞ்சம் கோபமாகச் சொல்லுங்கள் என்றாள் அவள். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் இவனையே பார்த்தார்கள். முருகவேல் கையை ஓங்கிக் கத்திவிட்டான்.

“அவனுங்க கூட நமக்கு ஆட்டமே வேணாம். அவனுங்க காத்து கூட இந்தப் பக்கம் வீசக் கூடாது.”

சேனல்காரர்கள் அதற்குக் கொடியும் முரசுச் சத்தமும் சேர்த்தார்கள். இந்தியில் குரல் கொடுத்தும் பரப்பினார்கள்.

இந்தி என்றால் பாகிஸ்தானிலும் புரியுமே என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவனுடைய போர்மேன் பஷீர் பாய் அந்த நாட்டில் முல்தான் ஊர்க்காரர். டைபாய்டில் அவன் பதினோரு நாள் கிடந்தபோது, கஞ்சி காய்ச்சி ஊட்டியவர். அவரும் இப்போது லீவில் தம் ஊரில் இருந்தார்.

வேலையை விட்டுத் தூக்கிவிடுவாரா என்று அருணாதேவி பயந்து கேட்டாள்.

“வேலை போனா இங்கயே கம்பி கட்டிக்கலாம். அந்த மனுசன் மூஞ்சில எப்படி முழிக்கறது?”

இரண்டு நாளாக அவரைக் கூப்பிட்டுப் பார்த்தான். பதினாலு தடவை மணி அடித்தது. எடுக்கவில்லை. எழுதி அனுப்பலாமே என்றாள் அவள். இதையெல்லாம் வாயால்தான் சொல்லணும் என்றுவிட்டான்.

மூன்றாம் நாள் காலை பஷீரே கூப்பிட்டார். முருகவேல் எழுந்து நின்று போனைக் காதில் வைத்தான். அவன் வாயைத் திறக்கும் முன்பே அந்தப் பக்கம் குரல் உடைந்தது. ஷார்ஜாவில் கற்ற இந்தியில் அவனுக்குப் புரிந்தது இதுதான்:

“மன்னிச்சிடு தம்பி. நீ விடாம கூப்பிட்டதுமே தெரிஞ்சிபோச்சி, எங்க ஊரு டிவில உங்கள எல்லாம் நான் திட்டினத நீ பாத்துட்டேன்னு.”